மரம் வடிக்க நல்ல ராஸ்ப் வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஸ்ப்பும் அரமும் ஒன்றுதானே?

கடையில் இரண்டையும் "அரம்" என்றே கொடுப்பார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சாதாரண அரத்தில் குறுக்கே நீளமான வெட்டுக்கோடுகள் ஓடும். ஒவ்வொரு கோடும் ஒரு சின்ன உளி மாதிரி வேலை செய்யும். அது இரும்புக்கு. ராஸ்ப்பில் கோடே கிடையாது. கூர்முனை ஆணியால் குத்திக் கிளப்பிய தனித்தனிப் பற்கள், பலாப்பழத் தோல் போல நிற்கும். ஒவ்வொரு பல்லும் மரத்தைத் துளித்துளியாகக் கிள்ளி எடுக்கிறது. பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் தூள் வெளியேறுகிறது. இரும்பு அரத்தை மரத்தில் ராவினால் பத்து இழுப்பில் பல்லிடுக்கு அடைந்துவிடும். ராஸ்ப்பை இரும்பில் வைத்தால் பல் முனை உடனே மழுங்கும். கடையில் "மரத்துக்கு, பல்லு பல்லா இருக்கிறது" என்று கேளுங்கள், சரியானது வரும்.

உளியும் இழைப்புளியும் இருக்கும்போது இது எதற்கு?

நேர்ப் பரப்புக்குத் தேவையே இல்லை. வளைவு வந்ததும்தான் ராஸ்ப்புக்கு வேலை. மரத்தின் ரேகை, அதாவது நார் ஓட்டம், எந்தத் திசையில் இருந்தாலும் ராஸ்ப் ஒரே மாதிரி கடிக்கும். உளி எதிர் ரேகையில் சிம்பைப் பிளந்துகொண்டு போகும், ராஸ்ப் போகாது. நாற்காலிக் கைப்பிடியின் வளைவு, கருவிக் காம்பு, கிதார் கழுத்து, கிரிக்கெட் மட்டையின் தோள், வளைந்த மேசைக்கால் போன்ற இடங்களில் ஒரே வளைவுக்குள் ரேகை இரண்டு மூன்று முறை திசை மாறும். அங்கே இதைவிடப் பாதுகாப்பான கருவி இல்லை.

சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. என்னதான் வித்தியாசம்?

பற்கள் நிற்கும் வரிசை.

இயந்திரத்தில் வெட்டிய மலிவு ராஸ்ப்பில் பற்கள் அணிவகுப்பு போல வரிசையாக நிற்கும். முன்வரிசைப் பல் கீறிய தடத்திலேயே அடுத்த வரிசைப் பல்லும் போகும், அதற்கடுத்ததும் போகும். தடங்கள் ஆழமாகிக்கொண்டே போகும், நடுவில் உள்ள மேடு அப்படியே நிற்கும். உழுத வயல் மாதிரி ஆன அந்தப் பரப்பைச் சரிசெய்ய உப்புத்தாளில் அரைமணி போகும். கை அதிர்வதற்கும் இதே காரணம்: ஒரு வரிசை முழுதும் ஒரே நேரத்தில் மரத்தைக் கடிக்கிறது.

கையால் குத்தியதில் ஒவ்வொரு பல்லும் ஒரு மனிதர் சுத்தியலால் தட்டிக் கிளப்பியது. இடைவெளி கண்ணுக்குச் சீராகத் தெரிந்தாலும் துல்லியமாக ஒன்றுபோல் இருக்காது. அந்தச் சிறு ஒழுங்கின்மைதான் நாம் காசு கொடுத்து வாங்குவது. ஒரு பல் விட்ட மேட்டை அடுத்த பல் எடுத்துவிடும். அதனால் பெரிய பல் வைத்தும் வழவழப்பாக வெட்ட முடிகிறது, கையும் அதிராது. இன்னொரு நன்மை, பற்கள் விளிம்பு வரைக்கும் வரும். மூலையில் ஒட்டி வேலை செய்யலாம். மலிவானதில் விளிம்போரம் ஓரிரு மில்லிமீட்டர் மொட்டையாக விட்டிருப்பார்கள்.

நடுவழியும் உண்டு. இயந்திரத்திலேயே வேண்டுமென்று பற்களைக் கலைத்து வெட்டும் முறை அது. அமெரிக்காவின் நிக்கல்சன் நிறுவனத்தின் 49, 50 என்ற இரண்டு மாடல் எண்கள் இதற்குப் பேர்போனவை. 49 சற்று முரடு, 50 மென்மை.

எந்தத் தயாரிப்புகளைத் தேடலாம்?

கைவேலையில் முதலில் வரும் பெயர்கள் இரண்டும் பிரான்சு நாட்டுடையவை: ஓரியு, லியோழியே. ஓரியு 1856 முதல் இருக்கிறது. பட்டறை தெற்குப் பிரான்சின் சான் ழுவேரியில். கிராமர்சி என்ற அமெரிக்கப் பெயரில் வருபவை துருப்பிடிக்காத எஃகில் பாகிஸ்தானில் கையால் குத்தப்பட்டவை. கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்கலாம். இத்தாலியின் கொராடி இயந்திரவேலை, ஆனால் ஒழுங்கானது. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் சுலபமாகக் கிடைப்பது ஜேகே போன்ற இந்தியத் தயாரிப்பு. எஃகு மோசமில்லை, பல் வரிசைதான் மேலே சொன்ன அணிவகுப்பு. முரட்டு வேலைக்கு அதையே வைத்துக்கொண்டு, நயத்துக்கு மட்டும் ஒரு கைவேலை ராஸ்ப் வாங்குவது புத்திசாலித்தனம். தொகுப்பாக ஆறு ஏழு வாங்குவதில் அர்த்தமில்லை, நான்கு பெட்டியிலேயே தூங்கும்.

பாஸ்டர்டு, செகண்ட் கட், ஸ்மூத் என்கிறார்கள். வேறு சிலவற்றில் 9, 13 என்று எண் இருக்கிறதே?

முதல் மூன்றும் பல்லின் முரட்டுத்தனத்துக்கான பழைய பெயர்கள். பாஸ்டர்டு முரடு, செகண்ட் கட் நடுத்தரம், ஸ்மூத் மென்மை. இதில் ஒரு கண்ணி உண்டு: இந்தப் பெயர்கள் நீளத்தோடு சேர்ந்தவை. 12 அங்குல பாஸ்டர்டின் பல், 6 அங்குல பாஸ்டர்டின் பல்லைவிடப் பெரிது. பெயரை மட்டும் நம்பி ஆர்டர் போட்டால் எதிர்பார்த்தது வராது.

பிரெஞ்சுக் கைவேலையில் 1 முதல் 15 வரை எண். 1 மிக முரடு, 15 மிக மென்மை. 9 அல்லது 10 பெரும்பாலான வேலைக்கு நடுநாயகம். 13 முடிப்பு வேலைக்கு. 5-க்குக் கீழே பெரிய சிற்பம் செதுக்குபவர்களைத் தவிர யாருக்கும் தேவைப்படாது.

முதலில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்?

10 அங்குலம், அரைவட்டம், எண் 9 அல்லது 10. கடை மொழியில் "கேபினெட் ராஸ்ப், ஹாஃப் ரவுண்டு". ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு; வெளிவளைவுக்குத் தட்டை, உள்வளைவுக்குக் குவிவு. நீளத்தை அளக்கும்போது பிடிக்குள் போகும் வாலைச் சேர்க்கக் கூடாது, பல் உள்ள உடம்பு மட்டும்தான் கணக்கு.

அரைவட்டம் என்பது பெயரளவில்தான். குவிவு உண்மையில் வட்டத்தின் ஒரு சிறு துண்டு. நுனி நோக்கி ஒடுங்கும்போது அந்த வளைவும் இறுகும். வடிக்க வேண்டிய உள்வளைவைவிட ராஸ்ப்பின் குவிவு இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் இரண்டு விளிம்பும் மரத்தில் குத்திக் கோடு போடும், நடுப்பகுதி தொடவே தொடாது.

இரண்டாவது வாங்கும்போது 6 அல்லது 7 அங்குலம், எண் 13. மூன்றாவதாக எலிவால் எனப்படும் உருண்டை. அதுவும் துளையை அகலப்படுத்தும் வேலை இருந்தால் மட்டும்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது?

வாலைப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கி குறி பார்ப்பது போல நுனியை நோக்கி ஒரு கண்ணால் பாருங்கள். பதம் போடும்போது, அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கும்போது, எஃகு முறுக்கிக்கொள்வது உண்டு. நீளவாக்கில் ஒரே சீரான மெல்லிய வளைவு இருந்தால் பரவாயில்லை, பாம்பு போல நெளிந்தால் வைத்துவிடுங்கள்.

அடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பல் முனைகளில் வெள்ளைப் புள்ளி மின்னினால் முனை மழுங்கியிருக்கிறது. கூரான முனை வெளிச்சத்தைத் திருப்பித் தராது. புதிய சரக்கிலும் இது நடக்கும். காரணம் எளிது: அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அலமாரியில் கொட்டி வைத்திருப்பார்கள், உரசி உரசியே பல் போய்விடும். எண்ணெய்த்தாள் பிரிக்காத ஒன்றை உள்ளிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பற்கள் ஒரே உயரமா? இடையில் உடைந்தவை உண்டா? நேர்வரிசையா, கலைந்த வரிசையா? விளிம்பு வரை வந்திருக்கிறதா? கைவேலை என்று சொல்லி விற்கும் பொருளில் பற்கள் நூல் பிடித்தது போல நின்றால் அது கைவேலை இல்லை.

கடைசியாக, பையில் ஒரு மரத்துண்டு கொண்டு போங்கள். தேக்கோ வேம்போ, ஒரு சாண் நீளம் போதும். முரண்டு பிடிக்காத கடையில் நான்கு முறை தள்ளிப் பார்க்க விடுவார்கள். நல்ல ராஸ்ப், தன் எடையோடு லேசான அழுத்தம் கொடுத்தாலே கடிக்கும். அமுக்கினால்தான் வெட்டுகிறது என்றால் வேண்டாம். விழுவது உதிரியான துகளாக இருக்க வேண்டும், மாவாக இருந்தால் பல் தேய்க்கிறது, வெட்டவில்லை. ஒரே ஒரு ஆழக்கீறல் மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தால் ஒரு பல் உயர்ந்து நிற்கிறது. அதற்காகத் திருப்பித் தர வேண்டியதில்லை. அந்தப் பல்லைக் கண்டுபிடித்து எண்ணெய்க்கல்லின் முனையால் ஒருமுறை தொட்டால் சரியாகிவிடும்.

இணையத்தில் வாங்கினால்?

பல்லின் கிட்டப் படம் இல்லாத விளம்பரத்தை விட்டுவிடுங்கள். "உட் ஃபைல்" என்று போட்டு இரும்பு அரத்தை அனுப்புவது சாதாரணம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் அனுப்புக் கட்டணமும் விலையை நன்றாக ஏற்றிவிடும், முன்பே கணக்குப் போடுங்கள். வந்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றப்பட்டிருக்கிறதா பாருங்கள். ஒரே உறையில் இரண்டு சேர்ந்து வந்திருந்தால் வழியெல்லாம் ஒன்றையொன்று ராவிக்கொண்டுதான் வந்திருக்கும்.

ஷிண்டோ, சர்ஃபார்ம், நாலு பக்க ராஸ்ப் இவையெல்லாம்?

ஷிண்டோ ஜப்பானியக் கருவி. இரும்பறுக்கும் ரம்பப் பட்டைகளை நெளிவாக மடித்து ரிவெட் அடித்து வலை போலக் கட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் அங்குலத்துக்கு 11 பல், மறுபக்கம் 25. வலைக்கண் திறந்திருப்பதால் அடைப்பதே இல்லை, மரத்தை மிக வேகமாகத் தின்னும். விலைக்கு இதைவிட உழைக்கும் கருவி கிடையாது என்றே சொல்லலாம். குறை ஒன்றுதான்: தட்டை மட்டுமே, உள்வளைவுக்குள் நுழையாது. பட்ஜெட் குறைவு என்றால் ஷிண்டோ ஒன்று, உள்ளூர் அரைவட்ட ராஸ்ப் ஒன்று என்ற ஜோடியைப் பரிந்துரைக்கிறோம்.

சர்ஃபார்ம் தேங்காய்த் துருவல் தகடு போன்றது. தகடு தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். மென்மரத்துக்குப் போதும், வேங்கையில் வழுக்கும்.

ஒரு பாதி ராஸ்ப், மறுபாதி அரம், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு என்று நான்கும் ஒன்றாக வரும் நாலு பக்க ராஸ்ப்புக்குப் பிடியே கிடையாது, வெட்டும் நீளமும் பாதிதான். வீட்டுப் பெட்டியில் அவசரத்துக்குக் கிடக்கட்டும்.

குதிரை லாடம் அடிப்பவர்கள் வைத்திருக்கும் பெரிய ராஸ்ப் மலிவாகக் கிடைக்கிறது. ஆகுமா?

குளம்பு சீவச் செய்தது அது. பொதுவாக 14 அங்குலம், ஒரு பக்கம் மிக முரட்டுப் பல், மறுபக்கம் அரம், இரண்டுமே தட்டை. பெரிய கட்டையில் முதல் வடிவம் எடுக்கலாம். மற்றபடி கை வலிதான் மிச்சம்.

பிடி இல்லாமல் வருகிறது. அப்படியே பயன்படுத்தலாமா?

கூடாது. ராஸ்ப் சட்டென்று சிக்கி நின்றால் வால் உள்ளங்கையில் ஏறிவிடும். 12 செ.மீ. நீள மரப்பிடி போதும். வாலின் நடுப்பகுதி தடிமனுக்குத் துளையிட்டு, வாய்ப்பக்கம் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். வாலைப் பிடிக்குள் செருகி, பிடியின் அடியைக் கட்டையில் நேராகத் தட்டுங்கள். ராஸ்ப்பின் தலையில் சுத்தியலால் அடிக்க வேண்டாம், நுனி தெறிக்கும். பிடியின் வாயில் ஒரு செம்பு அல்லது பித்தளை வளையம் போட்டால் பிளக்காது.

சதுரக் கட்டையிலிருந்து உருண்டைக் காம்பு எடுக்கும் முறை என்ன?

கண்ணளவில் உருட்டத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முதலில் எண்கோணம், பிறகு பதினாறு பட்டை, கடைசியில் உருண்டை.

36 மி.மீ. சதுரக் கருவேலங்கட்டை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முகத்தையும் 7 : 10 : 7 என்ற விகிதத்தில் பிரிக்க வேண்டும். 36-ஐ 24 பங்காக்கினால் ஒரு பங்கு 1.5 மி.மீ. ஆக, ஓரத்திலிருந்து 10.5 மி.மீ. தள்ளி ஒரு கோடு, அந்தப் பக்கமும் அதே போல ஒரு கோடு, நடுவில் 15 மி.மீ. மிஞ்சும். நான்கு முகத்திலும் பென்சிலால் நீளவாக்கில் கோடு போடுங்கள். ஒரு மூலையின் இருபுறத்துக் கோடுகளையும் தொடும்வரை ராஸ்ப்பின் தட்டைப் பக்கத்தால் அந்த மூலையை எடுங்கள். நான்கு மூலையும் முடிந்தால் எண்கோணம் கையில் இருக்கும். நேரான நீளக் காம்பு என்றால் இதுவரைக்கும் இழைப்புளியே விரைவு. நடுவில் பருத்து முனையில் இளைக்கும் காம்புக்குத்தான் ராஸ்ப்.

பிறகு எட்டு விளிம்பையும் சமமாக ராவினால் பதினாறு பட்டை. இதற்குக் கோடு வேண்டியதில்லை, ஒவ்வொரு விளிம்புக்கும் இழுப்புகளை எண்ணிச் சமமாகக் கொடுத்தால் போதும். அதன் பிறகுதான் ராஸ்ப்பைச் சாய்த்து, தள்ளும்போதே காம்பைச் சுற்றி உருட்டி ஓட்ட வேண்டும்.

கட்டையை வைஸிலோ ஜி கிளாம்ப்பிலோ அசையாமல் கட்டுங்கள். வலக்கை பிடியில், இடக்கைக் கட்டைவிரல் நுனி மேல். தள்ளும்போது மட்டும் வெட்டு, திரும்பும்போது தூக்கிவிடுங்கள். இழுக்கும்போதும் அமுக்கினால் பல்லின் முதுகு தேயும். ரேகைக்கு நேராகவும் குறுக்காகவும் போகாமல் முப்பது நாற்பது டிகிரி சாய்வில் ஓட்டுங்கள்; கொஞ்ச நேரம் இப்படி, கொஞ்ச நேரம் எதிர்ச்சாய்வில். குறுக்குக் கீறல் விழும்போது எங்கே மேடு நிற்கிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

வேண்டிய அளவுக்கு ஒரு மி.மீ. முன்பே முரட்டு ராஸ்ப்பை நிறுத்துங்கள். பிறகு மென்மையான ராஸ்ப், இல்லையென்றால் அரம். அதற்கு மேல் பரப்பைச் சுரண்டி வழவழப்பாக்கும் ஸ்க்ரேப்பர் தகடு. பிறகு உப்புத்தாள், முரடிலிருந்து மென்மைக்கு 120, 180, 220 எண்களில். எண் 13 ராஸ்ப் இருந்தால் 120-ஐத் தாண்டி நேராக 180-க்கே போகலாம்.

ஓரம் பேர்ந்து சிராய் கிளம்புகிறது. ஏன்?

பல் மரத்தை விட்டு வெளியேறும் விளிம்பில், பின்னால் தாங்க ஏதுமில்லாத நார் பிடுங்கிக்கொண்டு போகிறது. இருபுறமிருந்தும் உள்நோக்கி ராவுங்கள், வெளிநோக்கி ஓட்டாதீர்கள். முடியாத இடத்தில் விளிம்பை முதலிலேயே ஒரு மி.மீ. சாய்வாக எடுத்துவிடலாம், அல்லது வீண் பலகை ஒன்றைச் சேர்த்துக் கட்டி அதற்குள் ஓடவிடலாம்.

பல்லிடுக்கில் தூள் அடைத்துக்கொள்கிறது. வைஸில் தட்டினால் போகிறதே?

தூள் போகும், பல்லும் கூடவே போகும். பதம் போட்ட எஃகு கடினமானது, ஆனால் உடையும். நைலான் பிரஷ் அல்லது மெல்லிய பித்தளை பிரஷ்ஷால் பல் வரிசைச் சாய்வில் துலக்குங்கள். எஃகுக் கம்பி வைத்த அர பிரஷ் கைவேலை ராஸ்ப்பின் முனையை மழுக்கும். பிசின் இறுகியிருந்தால் டர்பன்டைன் அல்லது மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துலக்குங்கள். வெறும் மரத்தூள் என்றால் வெந்நீரில் சற்று ஊறவிட்டாலே உப்பி வெளிவரும். உடனே துடைத்து வெயிலில் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவ வேண்டும்.

அடிக்கடி அடைந்தால் குற்றம் ராஸ்ப்புடையதாக இருக்காது. மரம் ஈரமாக இருக்கும். காயாத மரத்தில் எந்த ராஸ்ப்பும் ஓடாது.

எல்லா மரத்துக்கும் ஒரே ராஸ்ப் போதுமா?

போதும், ஆயுள்தான் மாறும். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருக்கிறது, மணல்தாள் மேல் ஓட்டுவது போல முனையைத் தின்னும். வேம்பும் பலாவும் சாது. புளி, கருவேலம் போன்ற வைரம் பாய்ந்த கட்டைக்கு அழுத்தத்தைக் கூட்டாமல் இழுப்பைக் கூட்டுங்கள். பழைய கதவு, உத்தரத்தை வடிப்பதானால் முதலில் ஆணி தேடுங்கள். ஒரே ஒரு ஆணி, ஒரு கைப்பிடிப் பல்லைக் கொண்டுபோய்விடும்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள்?

கைவேலை ராஸ்ப்பில் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வலக்கைக்காரர் சாய்த்துத் தள்ளும் வாட்டத்துக்கு அமைத்தது. ஓரியு, லியோழியே இரண்டிலும் இடக்கைக்கென்றே தனியாகச் செய்து தருகிறார்கள், ஆர்டரில் குறிப்பிட வேண்டும்.

எப்படி வைத்திருப்பது?

ஒன்றோடொன்று படாமல். மரச்சட்டத்தில் தனித்தனிக் காடி வெட்டி நிறுத்தலாம், அல்லது துணியில் தனித்தனிப் பை தைத்துச் சுருட்டி வைக்கலாம். கடற்கரை ஊரிலும் மழைக்காலத்திலும் லேசாக எண்ணெய் தடவிய துணியால் ஒத்தி வையுங்கள். வேலைக்கு எடுக்கும்போது ஒரு வீண் கட்டையில் நாலு முறை ஓட்டிவிட்டால் எண்ணெய்க் கறை நல்ல மரத்தில் ஏறாது.

தூள் பிரச்சினை?

ராஸ்ப் துகள் கனமானது, கீழே விழுந்துவிடும். அடுத்து வரும் உப்புத்தாள் தூள்தான் மூக்கில் ஏறும். ஈட்டி மரத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் தும்மலும் கொடுக்கும், முகக்கவசம் போடுங்கள். ராஸ்ப்பை வாயால் ஊதாதீர்கள், கண்ணுக்குத்தான் வரும்.

மழுங்கினால் சாணை பிடிக்க முடியுமா?

சாணைக்கல்லில் முடியாது, பல் ஒவ்வொன்றும் தனி. வினிகரில் ஒரு இரவு ஊறவைத்தால் துருவும் அடைப்பும் போய் ஓரளவு கடிக்கும். அமிலம் முனையைச் சற்றே அரிப்பதால் வரும் கூர் அது, நாள் தாங்காது. எடுத்ததும் சோடா உப்பு கரைத்த நீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் போடாவிட்டால் மறுநாளே மீண்டும் துரு ஏறும். முனைகள் எல்லாம் மின்னத் தொடங்கிவிட்ட ராஸ்ப்பை மென்மரத்துக்கும் தெர்மாகோலுக்கும் ஒதுக்கிவிட்டு வேறொன்று வாங்குங்கள். கைவேலை ராஸ்ப்பை மரத்தைத் தவிர வேறெதிலும் வைக்காமல் இருந்தால் அந்த நாள் வரப் பல வருடம் ஆகும்.